வேலாயுதத்துக்கு ஒரு ஜோடி கிளவுஸ்

டிசம்பர் பிறந்தால் கல்கத்தாவில் ஒரு கூத்து நடக்கும். முதல் நாள் வரை அரைக்கைச் சட்டையில் திரிந்தவர்கள், மறுநாள் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லாயோடு பால் வாங்க வருவார்கள். ரயில்வேயில் வேலை கிடைத்து ஜோலார்பேட்டையிலிருந்து வந்த புதிதில் வேலாயுதம் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். "இதுக்கே இப்படின்னா, ஏலகிரி மேல கொண்டுபோய் விட்டா இவங்க என்ன பண்ணுவாங்க வசந்தி?" என்று மனைவியிடம் வருஷா வருஷம் அதே கேள்வியைக் கேட்பார்.

அந்த மனுஷர்தான் இந்த வருஷம் கிளவுஸ் வேண்டும், கிளவுஸ் வேண்டும் என்று அலைந்தார். வசந்திக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலாயுதம் ஃபிட்டர். வண்டி வந்து நின்றதும் பெட்டி பெட்டியாக நடந்து, ஒவ்வொரு சக்கரத்தின் அச்சுப் பெட்டி மீதும் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஓடி வந்த சூடுதானா, மிஞ்சிப்போன சூடா என்று கைதான் சொல்லும். மிஞ்சிய சூட்டோடு அனுப்பிவிட்டால் போகிற வழியில் அச்சு முறியும். அதற்கப்புறம் நடப்பதை வாயால் சொல்லக்கூடாது. லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் பெர்த்தில் ஏறிப் படுத்ததும் அவர் வசந்தியிடம் சொல்வார்: "என் கை தொட்டு அனுப்பின வண்டி. நீ நிம்மதியாத் தூங்கு." அவளும் தூங்கிவிடுவாள்.

அந்தக் கை இப்போது வாய் மூடிக்கொண்டது. போன வாரம் தகிக்கிற அச்சுப் பெட்டி ஒன்றின் மேல் கையை வைத்துவிட்டு, சாவகாசமாக அடுத்ததற்கு நகர்ந்திருக்கிறார். பின்னாலேயே வந்த சீனியர் பத்மநாபன் தற்செயலாகத் தொட்டவர், "ஐயோ" என்று கையை உதறினார். அந்த ரயில் பெட்டியைக் கழற்றி ஓரம் கட்டினார்கள். பத்மநாபன் நல்ல மனுஷர், மேலிடத்துக்குப் போகவில்லை. "திங்கட்கிழமை வரைக்கும் லீவு போடு வேலு. கை சரியாச்சுன்னா லைனுக்கு வா. இல்லேன்னா டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். தொட்டாத் தெரியாத கையை வெச்சுக்கிட்டு அங்க நிக்க முடியாதுப்பா" என்றார்.

வேலாயுதம் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். சைக்கிள்! விடிகாலைப் பனியில் குவார்ட்டர்ஸிலிருந்து யார்டுக்கு மிதித்துப் போவதற்குள் ஹேண்டில்பாரின் இரும்பு கையை விறைக்க வைத்துவிடுகிறதாம். கையைக் கதகதப்பாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம்.

வசந்தியும் தலையாட்டினாள். ஆனால் தீபாவளியன்று அவர் எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியை வெறுங்கையால் பொறுக்கி எடுத்தார். விரலில் கொப்புளம் கண்டது மறுநாள் அவள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. அன்றைக்கு வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பனியும் இல்லை, குளிரும் இல்லை. இதையெல்லாம் எடுத்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அந்த மனுஷருக்குப் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

கையில் சாக்ஸ் மாட்டிப் பார்த்தார். சைக்கிள் பெல் அடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு வெல்டரின் கிளவுஸை இரவல் வாங்கினார். பிரேக் எட்டாமல், குவார்ட்டர்ஸ் வாசலில் கட்டிப்போட்டிருந்த யாருடைய ஆட்டின் மேலோ போய் மோதினார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறி வெல்லிங்டன் ஸ்கொயர் போனார்கள். குளிர்காலத்தில் பூட்டியாக்காரர்கள் மலையிலிருந்து கம்பளி மூட்டைகளோடு இறங்கி வந்து கடை விரிக்கிற இடம் அது. கன்னம் சிவந்த ஒரு கடைக்காரி "வாங்க தாதா, வாங்க பௌதி" என்று அண்ணன் அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டு, ஜோடி ஜோடியாக எடுத்துப் போட்டாள்.

பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி வேலாயுதம் ஒவ்வொன்றிலும் குறை கண்டார். இது பனியில் ஊறிவிடும். அது ஹேண்டிலில் வழுக்கும். இன்னொன்றில் விரல் மடங்கவில்லை. விரல் நுனி இல்லாத ஒன்றைத் தூக்கியே எறிந்தார். கடைசியில் இரண்டு ஜோடி மிஞ்சின. ஒன்று நெருக்கிப் பின்னிய கம்பளி, மற்றது உள்ளே ரோமம் வைத்த தோல். மாட்டினார், கழற்றினார், பிரேக் பிடிக்கிற மாதிரி விரலை மடக்கினார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார். இரண்டையும் விரிப்பின் மேல் போட்டார்.

அவரைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்றுதான் வசந்தி அதைச் சொன்னாள். "கண்ணை மூடுங்க. நான் மாத்தி மாத்தி மாட்டறேன். எது வேணும்னு உங்க கையே சொல்லட்டும்."

அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஸ்வெட்டர் குவியலின் மேல் வலது கையை வைத்தார். கிளவுஸை எடுக்கும் முன் வசந்தி அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டாள். பாவமாக இருந்தது அவளுக்கு, அவ்வளவுதான்.

"இதுதான்!" என்றார் வேலாயுதம். "தோலு. சரியா? கதகதப்பு தெரியுதே! உள்ள இருக்கிற ரோமம்கூடத் தெரியுது வசந்தி!"

கடைக்காரி வசந்தியைப் பார்த்தாள். இரண்டு ஜோடியும் விரிப்பின் மேலேயே கிடந்தன.

வசந்தி சட்டென்று தோல் கிளவுஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "ஆமாங்க, தோல்தான்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

முருங்கைக்காய்க்குக்கூடப் பேரம் பேசுகிறவர் அன்று பேரம் பேசவில்லை. திரும்பும் பஸ்ஸில் கிளவுஸைக் கழற்றவும் இல்லை. முன்சீட்டுக் கம்பியை ஹேண்டில்பாராகப் பிடித்து, இல்லாத பிரேக்கை அழுத்திக் காட்டினார். "நாளைக்கே லைனுக்குப் போயிடறேன். பத்மநாபன் சார் மூஞ்சியைப் பாக்கணும். டாக்டராம் டாக்டர்!"

பஸ் இரண்டாவது ஹூக்ளி பாலத்தில் ஏறியது. வசந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொன்னால் இந்த முகம் இப்படி இருக்காது. எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரிக்கிற முகம். சொல்லாவிட்டால், நாளைக்கு இந்தக் கை தொட்டு அனுப்புகிற வண்டியில் எவளோ ஒருத்தி நிம்மதியாகப் படுத்துத் தூங்குவாள். பாலம் முடிகிற வரை அவளால் இரண்டில் எதையும் முடிவு செய்ய முடியவில்லை. அழவும் முடியவில்லை.

சாந்த்ராகாச்சி நெருங்கியபோது அவருடைய வலது கை கிளவுஸை மெல்லக் கழற்றினாள்.

"ஏங்க, கடையில நான் எதையுமே மாட்டலை."

"எப்போ?"

"கண்ணை மூடிட்டிருந்தீங்களே, அப்போ. என் கையாலதான் பிடிச்சிட்டிருந்தேன்."

அவர் சிரித்தார். "தோலுன்னு நீதானே சொன்னே?"

"பொய் சொன்னேங்க."

சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தன் கையைப் பார்த்தார். யாரோ பஸ்ஸில் விட்டுவிட்டுப் போன சாமானைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

வேலாயுதம் அந்தக் கையை வசந்தியின் மடியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவை பிடி. நிஜமாப் பிடி. நான் சொல்றேன்."

வசந்தி பிடித்தாள். விரலோடு விரல் கோத்துப் பிடித்துக்கொண்டாள். பஸ் குலுங்கிக் குலுங்கிப் போனது. வேலாயுதம் கண்ணைத் திறக்காமல், தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தார்.

"ம்... பிடி வசந்தி" என்றார்.