இரண்டாவது எண்

படுத்தபடியே கணக்கு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள் வித்யா. பிள்ளை தங்கி ஐந்தாவது வாரம். லேசாக உதிரம் பட்டதால் நடக்கக்கூடாது என்றிருந்தார் டாக்டர்.

பிளஸ் ஒன் பிள்ளைகளில் பாதிப் பேர், அடுக்கில் கழித்தல் குறியைக் கண்டதுமே 'தேய்வு' என்று எழுதியிருந்தார்கள். அடிமானம் அரை என்றால் அதே குறி வளர்ச்சியாகிவிடும் என்பதை யாரும் பார்க்கவில்லை. குறியை நம்பாதீர்கள், அடுத்த மதிப்பை முந்தையதால் வகுத்துப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் என்றால் வளர்கிறது, கீழ் என்றால் தேய்கிறது என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள்.

டாக்டரும் அதைத்தான் வேறு விதமாகச் சொன்னார். திங்கட்கிழமை ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் 412. "ஒரு எண்ணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. ரெண்டு நாள் கழிச்சு ஏறக்குறைய இரட்டிச்சிருக்கணும்." நேற்று வீட்டுக்கே வந்து மறுபடி ரத்தம் எடுத்துப் போனார்கள்.

துடைப்பத்தோடு வந்தாள் வேலைக்கார முனியம்மா. "இன்னா மேடம், படுத்துகினே மார்க் போட்றியா? பாவம் பசங்க." பிறகு குரலைத் தணித்தாள். "சாரு இன்னா, கீழ வண்டி மேலயே குந்திகினு கீறாரு? நானும் ரொம்ப நேரமா பாக்குறேன்."

கணவன் ஸ்ரீநாத் அம்பத்தூர் ஆபீஸிலிருந்து இந்நேரத்தில் ஏன் வந்தான்?

முனியம்மா போன பிறகுதான் ஸ்ரீநாத் மேலே வந்தான். கையில் இளநீர். முகத்தில் சிரிப்பு, வாசலில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தது போல.

"ரிப்போர்ட் வந்துடுச்சு. எல்லாம் நல்லாருக்கு."

"எவ்வளவு?"

"ஏறியிருக்கு."

"எவ்வளவு ஸ்ரீ?"

"எண்ணூத்தி இருபத்துநாலு."

சரியாக இரண்டு மடங்கு. பாடப்புத்தகத்துக்கு வெளியே எதுவும் இவ்வளவு ஒழுங்காக இரட்டித்து அவள் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் இப்படி நோண்டுகிற புத்தியை நொந்துகொண்டாள். ஆனாலும் வாய் கேட்டது.

"கீழ உக்காந்து அதைத்தான் பெருக்கிட்டிருந்தியா?"

அவன் ஸ்ட்ராவை இளநீருக்குள் செருகப் பார்த்தான். அது வளைந்தது.

"சாயங்காலம் டாக்டரே சொல்லட்டும்னு..."

"நீ சொல்லு."

"இருநூத்தித் தொண்ணூறு."

சந்தேகம் தீர்ந்த நிம்மதிதான் முதலில் வந்தது. அது அவளைப் பயமுறுத்தியது. பிறகுதான் அந்த எண் வயிற்றில் இறங்கியது.

"எப்போ தெரியும்?"

"காலையிலயே. ரெண்டு மீட்டிங்ல பேசினேன். என்ன பேசினேன்னே தெரியல."

வித்யா விடைத்தாள்களைத் தரையில் தள்ளிவிட்டுச் சுவரோரம் நகர்ந்து இடம் விட்டாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் அவன் வந்து படுத்துக்கொண்டான்.