ஒரு முழு கார்ன் டாக்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலப் பொருட்காட்சிக்கு ஹால்வர்சன் குடும்பம் போனால் எந்தத் தின்பண்டத்தையும் ஒன்றுக்கு மேல் வாங்குவதில்லை. ஒன்று வாங்கி ஐந்து வாய்க்குச் சுற்றுவார்கள். கஞ்சத்தனம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இத்தனை கடை இருக்க, எல்லாவற்றையும் ருசி பார்க்க வேண்டாமா என்பது குடும்பத்தலைவி லவானின் வாதம். அவளே வரிசையில் நின்று வாங்குவாள், முதல் கடியும் அவளுக்கே. பிறகு மகள் கிர்ஸ்டன், மருமகன் டாட், தங்கை மேவிஸ். எல்லோருக்கும் கடைசியில் லவானின் கணவர் ஆர்விட். அங்கே பன்றிக்கறி முதல் பாலாடைக்கட்டி வரை சகலத்தையும் குச்சியில் குத்தித்தான் விற்பார்கள். ஆர்விட் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அந்தக் குச்சிதான்.

முப்பத்து நாலு வருஷம் குச்சி நக்கிய மனுஷனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சோளமாவில் முக்கிப் பொரித்த சாசேஜ், அதாவது கார்ன் டாக், முழுசாக ஒன்று, நுனியிலிருந்து அடி வரைக்கும் தான் மட்டுமே தின்ன வேண்டும். வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்பீர்கள். அந்த ஊர்க்காரர்கள் எனக்கு இது வேண்டும் என்று சொல்வதற்குப் பதில் மயக்க மருந்தில்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொள்வார்கள். நீட்டியதை இரண்டு தடவை வேண்டாம் என்பது அங்கே மரியாதை. மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வதும் மரியாதை. கொடுக்கிறவன் இரண்டோடு நிறுத்திக்கொண்டால் அவனைவிடப் பண்பு கெட்டவன் கிடையாது.

இந்த ஆகஸ்டில் ஆர்விட் துணிந்துவிட்டார். டிராக்டர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மத்தியான வெயிலில் நழுவினார். முப்பது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறவர் டிராக்டரில் என்னத்தைப் பார்க்கப்போகிறார் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நேரே கடைக்குப் போய், வாங்கி, கடுகுச் சாந்தை நீளத்துக்கும் பூசி, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முதல் கடி கடித்தார். மொறுமொறுவென்று இருந்தது. கண்ணை மூடி மென்றார்.

மென்றுகொண்டிருந்தபோதே அவர் கை, பழக்கதோஷத்தில், கார்ன் டாக்கைப் பக்கத்தில் நீட்டிவிட்டது. அங்கே தொப்பி போட்ட ஒரு குடியானவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஐயோ, வேண்டாங்க," என்றார் அவர்.

அத்தோடு கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒரே தடவை கேட்டு நிறுத்துவதா? ஆர்விட்டை வளர்த்தவர்கள் அப்படி வளர்க்கவில்லை. இரண்டாவது தடவை நீட்டினார். அவர் மறுபடியும் மறுத்தார். குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டே மூன்றாவது தடவையும் ஆர்விட் நீட்டினார்.

"இவ்ளோ சொல்றீங்க, ஒரு வாய் பாக்குறேன்," என்று வாங்கிக் கடித்தார் அந்த மனிதர். கடித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். அந்தம்மாவும் வேண்டாம், வேண்டாம் என்று முறைப்படி சொல்லிவிட்டு நன்றாகவே கடித்தாள். திரும்பி வந்தது குச்சி.

நல்ல வேளையாக அந்த ஆளும் நன்றாக வளர்க்கப்பட்டவர். நான் உங்களுக்கு ஒன்று வாங்கித் தருகிறேன் என்று எழுந்தார். ஆர்விட் இரண்டு தடவை மறுத்தார். இரண்டோடு விட்டுவிடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்தார். மூன்றாவது தடவையும் அவர் கேட்டார். வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுத் தம்பதி விடைபெற்றுப் போனார்கள். ஆர்விட் வாயைத் திறந்தார். எதிரே லவான் நின்றாள்.

"டிராக்டர் நல்லா வெந்திருக்கா?"

பொரித்ததன் மணம் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அறுபத்தோரு வயதில் முதன்முதலாக ஆர்விட் மனதில் இருப்பதைச் சொன்னார். "இத நான் மட்டும் தின்னணும், லவான். முழுசா. கல்யாணம் ஆனதுலேருந்தே ஆசை."

லவான் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். "அட பாவி, சொல்லித் தொலைக்கிறதுதானே! கல்யாணமான வருஷம் இதே இடத்துல உன் கார்ன் டாக்க எங்கிட்ட நீட்டினே. வேண்டாம் வேண்டாம்னேன். மூணாந்தரமும் நீட்டினே. சரி, இந்த மனுஷனுக்குப் பங்கு போட்டுத் தின்னாத்தான் சந்தோஷம் போலிருக்குன்னு நெனச்சேன். அதுலேருந்து உனக்காகத்தான் சுத்துக்கு விடறேன். எனக்கு இந்தக் கருமம் புடிக்கவே புடிக்காது."

"மரியாதைக்குக் கேட்டேன்," என்றார் ஆர்விட்.

"மரியாதைக்குத்தான் நானும் வாங்கினேன்."

ஆர்விட்டுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முப்பத்து நாலு கார்ன் டாக்! மனைவி மேல் கோபப்படலாம் என்று பார்த்தால், பிடிக்காததை வருஷா வருஷம் முதல் ஆளாகக் கடித்தவள் மேல் எப்படிக் கோபப்படுவது? அவர் தின்ன ஆரம்பித்தார். அவள் கைப்பையிலிருந்து காகிதத் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அடிக்கடி கிடைக்கிற சாப்பாடா என்ன? நிதானமாகவே தின்றார். கடைசி வாய் மிஞ்சியபோது கை தானாக அவள் பக்கம் நீண்டது.

"வேண்டாம்," என்றாள் லவான்.

ஆர்விட் இரண்டாவது தடவை கேட்கவில்லை.