வினோத்குமார் செய்கிற கண்டெய்னர்

மாகறலிலிருந்து சம்பந்தம் பேச வந்திருந்த ஏகாம்பரம், காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பையன் இன்னா வேல பண்றாருன்னு சொன்னீங்க?"

"மெட்ராஸ்ல கண்டெய்னர் பண்றான்," என்றார் சுப்பிரமணி. மகன் போனில் சொன்னதை அப்படியே நினைவில் வைத்திருந்தார்.

"லாரில வர்ற கண்டெய்னருங்களா, கப்பல்ல ஏத்தறதுங்களா?"

"அது இல்லீங்க. கம்ப்யூட்டர்ல."

"கம்ப்யூட்டர்ல எப்பிடிங்க கண்டெய்னர் பண்ணுவாங்க?"

ஏகாம்பரம் கிண்டலாகக் கேட்கவில்லை. அது 2009. ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு, வாலாஜாபாத் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. சாலவாக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட கண்டெய்னர் என்றால் என்னவென்று தெரியும். அது எப்படிக் கம்ப்யூட்டருக்குள் போகும் என்று அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை. சுப்பிரமணி மனைவியைப் பார்த்தார். கதவோரம் நின்றிருந்த சொக்கம்மாளுக்கும் பதில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, "சொல்லி அனுப்பறோம்" என்று ஏகாம்பரம் எழுந்து போனார்.

அன்று சாயங்காலமே சொக்கம்மாள் மகனுக்குப் போன் போட்டாள்.

"நைனா, நீ பண்ற கண்டெய்னர்னா இன்னாடா?"

"அதும்மா..." வினோத்குமார் இழுத்தான். "சொன்னா உனுக்குப் புரியாதும்மா. கம்ப்யூட்டர் வேலன்னு சொல்லிடு, போதும்."

அவளுக்குக் கோபம் வந்தது. நாற்று விடுவதிலிருந்து நெல்லை மூட்டை பிடிப்பது வரை அந்த வீட்டில் எல்லாவற்றையும் முன்நின்று பார்ப்பவள் அவள். ஏரி மதகு திறக்கிற அன்று எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று ஊர்க்காரர்கள் அவளைத்தான் கேட்பார்கள். எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிப்பாள். புரியாது என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. இரண்டு நாளில் கோபம் ஆறிவிட்டது. அப்படி என்னதான் அது என்ற கேள்வி மட்டும் ஆறவில்லை.

அந்த வாரம் யூரியா வாங்க உத்திரமேரூர் போனவள், மூட்டையை டவுன் பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன்னால் அஹமது பாட்சாவின் இரும்புக் கடைக்குப் போனாள். மோட்டாருக்குப் பைப்பு, வால்வு எல்லாம் அங்கேதான் வாங்குவது வழக்கம். கடை மாடியில் அவர் மகள் ஷாஹீதா பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தாள்.

"பாப்பா கைல ஒன்னு கேக்கணும்," என்றாள் சொக்கம்மாள்.

"போங்கம்மா, மாடிலதான் இருக்கா," என்றார் அஹமது பாட்சா.

ஷாஹீதா பி.சி.ஏ. முடித்தவள். ஐந்து கம்ப்யூட்டர்கள் இருந்தன. பரீட்சை ரிசல்ட் பார்க்க வருவார்கள், டிக்கெட் போட வருவார்கள், போட்டோ எடுத்துக்கொள்ள வருவார்கள். எல்லோரும் வேலை சொல்வார்களே தவிர, அவளிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

"கம்ப்யூட்டர்ல கண்டெய்னர் பண்றாங்களாமே, அது இன்னாது பாப்பா?"

தெரிந்த மாதிரி தலையாட்டப் போன ஷாஹீதா பாதியில் நிறுத்திக்கொண்டாள். "எனக்கும் தெரியலம்மா. உக்காருங்க, தேடிப் பாக்கலாம்."

தேடினாள். முதலில் துறைமுகப் படங்கள்தான் வந்தன. பிறகு ஒரு பக்கம் கிடைத்தது, அதிலிருந்து இன்னொன்று. யூரியா மூட்டை கீழே கடை வாசலில் கிடக்க, சொக்கம்மாள் பக்கத்து நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"புரியுதும்மா, கொஞ்சம் புரியுது," என்றாள் ஷாஹீதா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கம்ப்யூட்டர் ஒன்னுதான். அதுக்குள்ளயே தடுப்பு தடுப்பா பிரிச்சுடறாங்க. ஒவ்வொரு தடுப்பும் தனிக் கம்ப்யூட்டர் மாதிரி வேலை செய்யுது. தனிப் பேரு, தனி நம்பர். ஒரு தடுப்புல ஒருத்தர் எல்லாத்தயும் அழிச்சுட்டாலும் பக்கத்துல இருக்கறவருக்கு ஒன்னும் ஆகாது."

"லைன் வூடு மாதிரியா? கூரை ஒன்னு, கதவு வேற வேற."

"அப்படித்தான் போல."

"யாரு வாடகைக்கு வர்றாங்க?"

"வெப்சைட் வெச்சிருக்கறவங்க. உங்க பையன் அவங்களுக்குத் தடுப்பு போட்டுக் குடுக்கறார்."

சொக்கம்மாள் திரையைப் பார்த்தாள். எழுத்துகள்தான் இருந்தன. "கண்ணால பாக்கணும் பாப்பா. ஒன்னு பண்ணிக் காட்டுவியா?"

செய்ய முடியுமா என்று ஷாஹீதாவுக்குத் தெரியாது. ஆனால் சொக்கம்மாள் கேட்ட நொடியிலேயே அவளுக்கும் அந்த ஆசை பிடித்துவிட்டது. பின்னறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. அதைத் துடைத்து லினக்ஸ் ஏற்றினாள். கண்டெய்னர் செய்ய ஒரு வார்ப்பு வேண்டும் என்று எழுதியிருந்தது. வெறும் தடுப்புக்குள் முதலில் கொண்டுபோய்க் கொட்டுகிற சாமான்கள் எல்லாம் அதில் அடக்கம். அது இறங்குவதற்கே ஒரு பகல் பிடித்தது. பாதியில் இணைப்பு அறுந்து, மறுபடி முதலிலிருந்து இறக்கினாள்.

சொக்கம்மாள் அடுத்த முறை வந்தபோது பின்னறையில் கறுப்புத் திரை காத்திருந்தது.

"படம் ஒன்னும் இல்லியே?"

"இதுல மவுஸே கிடையாதும்மா. நாம எழுதறதுதான் கட்டளை."

வி, இசட், சி, டி, எல் என்று ஐந்து எழுத்தை அடித்தாள் ஷாஹீதா. பிறகு 'கிரியேட்'. பிறகு ஒரு எண், நூற்று ஒன்று.

"எடுத்தவொடனே நூத்தி ஒன்னா? ஒன்னுன்னு ஆரம்பிக்கக் கூடாதா?"

"நூறு வரைக்கும் அதுவே தனக்குன்னு ஒதுக்கி வெச்சுக்கிச்சாம்."

"எதுக்கு?"

"எழுதலயே."

கடைசியில் வார்ப்பின் பெயரை அடித்து என்டரைத் தட்டினாள். அப்படி ஒரு வார்ப்பு இல்லை என்று வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். "இங்க ஒரு கோடு கீது, நீ போடல," என்று சொக்கம்மாள் விரலை வைத்தாள். நடுவில் ஒரு சின்னக் கோடு விட்டுப்போயிருந்தது. திருத்தி அடித்ததும் கம்ப்யூட்டருக்குள் வட்டு கரகரவென்று ஓடியது. திரையில் சில வரிகள் வந்து நின்றன.

"ஆயிடுச்சும்மா!"

"எங்க கீது?"

ஷாஹீதாவுக்குச் சிரிப்பு வந்தது. "இனிமேதான் எழுப்பணும்." 'ஸ்டார்ட்' என்று அடித்தாள். "இப்ப பேரு வெக்கலாம். என்ன பேரு?"

சொக்கம்மாள் யோசிக்கவே இல்லை. "சாலவாக்கம்."

பெயர் வைக்கும் கட்டளையைக் கொடுத்ததும் கீழே ஒரு வரி வந்தது. "இது இன்னா எய்தியிருக்குது?" என்று கேட்டாள் சொக்கம்மாள். "ஏதோ எச்சரிக்கைம்மா, பரவால்ல," என்று சொல்லிவிட்டு, உள்ளே நுழையும் கட்டளையை அடித்தாள் ஷாஹீதா. வரியின் தொடக்கத்தில் இதுவரை இருந்த பெயர் போய்ப் புதுப் பெயர் வந்தது. சொக்கம்மாள் முன்னால் குனிந்து எழுத்துகளைக் கூட்டினாள். "எஸ்... ஏ... எல்... ஏ... சாலவாக்கம்!" கீழே கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் கேட்டாள் ஷாஹீதா. நாலைந்து வரிதான் வந்தது. வெளியே வந்து அதையே கேட்டாள். திரை கொள்ளாமல் வரிகள் ஓடின. உள்ளே பார்த்த அந்த நாலைந்தும் அந்தக் கூட்டத்துக்குள் இருந்தன.

"வெளியேந்து பாத்தா உள்ள கீறதெல்லாம் தெரியுது," என்றாள் சொக்கம்மாள் மெதுவாக. "உள்ளேந்து பாத்தா வெளிய ஒன்னும் தெரியல. அப்ப உள்ள கீறவனுக்கு, தான் ஒரு தடுப்புக்குள்ளதான் கீறோம்னு தெரியுமா தெரியாதா?"

ஷாஹீதா மறுபடி உள்ளே போனாள். உள்ளே அவள்தான் முதலாளி. கோப்பு உண்டாக்கினாள், அழித்தாள், எல்லாம் கேட்டது. தேதியை மாற்றிப் பார்த்தாள். அனுமதி இல்லை என்று வந்தது. மறுபடி அடித்தாள். அதே பதில்.

"முதலாளிதானே நானு?" என்று திரையைப் பார்த்தே கேட்டாள். "கடிகாரத்தை மட்டும் தொட வுட மாட்டேங்குதே."

அதன் பிறகு சொக்கம்மாள் உத்திரமேரூர் வருவதற்கு யூரியா, விதை என்று காரணம் தேடவில்லை. நடுவில் மாகறலிலிருந்து செய்தி வந்தது. ஏகாம்பரத்தின் பெண்ணுக்குச் செய்யாறு பக்கம் இடம் முடிந்துவிட்டதாம்.

"வுடு, வேற எடம் பாத்துக்கலாம்," என்றார் சுப்பிரமணி. "இனிமே நீ கம்ப்யூட்டர் படிக்கப் போவ வாணாம், இல்ல?"

"அவருக்குச் சொல்றதுக்கா போறேன்?" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கு அவள் மாடி ஏறும்போது கரண்ட் இல்லை. பின்னறைக் கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் கிடையாது. கரண்ட் வந்து, கம்ப்யூட்டரை ஏற்றி, ஓடுகிற கண்டெய்னர்களின் பட்டியலைக் கேட்டால் நூற்று ஒன்றைக் காணோம்.

"போயிடுச்சா?" சொக்கம்மாளின் குரல் மாறியது.

"இருங்கம்மா." ஷாஹீதா எழுப்பிப் பார்த்தாள். எழுந்தது. உள்ளே நுழைந்தாள். வார்ப்பிலிருந்து வந்த சாமான்கள் அப்படியே இருந்தன. ஆனால் சாலவாக்கம் என்ற பெயர் இல்லை.

"அன்னிக்கு ஒரு எச்சரிக்கை வந்துச்சே. நீ பரவால்லன்னியே."

ஷாஹீதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். தேடி எடுத்து, இம்முறை நிதானமாக வாசித்தாள். கட்டளையின் கடைசியில் 'சேவ்' என்று சேர்த்தால்தான் மாற்றம் நிலைக்குமாம். சேர்க்காவிட்டால் ஓடுகிறவரைக்கும்தான் இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு விஷயமும் எழுதியிருந்தது. கம்ப்யூட்டர் எழும்போது கண்டெய்னரும் தானாக எழ வேண்டுமென்றால், அதையும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

"இத்த நான் அடிக்கிறேன்," என்றாள் சொக்கம்மாள்.

ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். ஷாஹீதாவின் கை இரண்டு தடவை உதவிக்கு நீண்டு, தானாகவே மடங்கிக்கொண்டது. பெயர் ஏறியது, தானாக எழச் சொல்லும் கட்டளையும் ஏறியது, இரண்டுக்கும் கடைசியில் 'சேவ்'. பிறகு ஷாஹீதா கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினாள். கறுப்புத் திரையில் வரிகள் ஏறிக்கொண்டே போயின. எல்லாம் நின்றதும் சொக்கம்மாளே பட்டியலைக் கேட்டாள். நூற்று ஒன்று, சாலவாக்கம், ஓடிக்கொண்டிருக்கிறது.

அவள் அங்கேயே செல்போனை எடுத்தாள்.

"நைனா, வேலைல கீறியா? ஒன்னு கேக்கணும். கரண்ட் போயி வந்தா உன் கண்டெய்னருங்க தானா ஏந்துக்குமா, நீ போயி எழுப்பணுமா?"





"ம்மா, யாரு சொல்லிக் குடுத்தது உனுக்கு?"

"யாரும் சொல்லல. அஹமது பாட்சா பொண்ணும் நானும் ஒன்னு பண்ணி வெச்சிருக்கோம். இப்பதான் எழுப்புனோம். நீ சொல்லு."

அவன் சிரித்தான். சிரித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான். பாதி தானாக எழுந்துகொள்ளுமாம். எழாததை அவன் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பானாம். போன மாதம் ஒரு பெரிய மெஷின் நின்று போய், அதிலிருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் போன் போட்டார்களாம். எந்த ஊரென்றே தெரியாத ஒருவர், மகள் கல்யாணப் பத்திரிகையை அதில் போட்டு வைத்திருந்தேன், சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்கிறார்கள் என்று குரல் உடைந்து பேசினாராம். "அவருதத்தான் மொதல்ல எழுப்புனேன்மா," என்றான். வேலைக்குச் சேர்ந்து இத்தனை காலத்தில் அவன் இவ்வளவு பேசியதில்லை.

ஷாஹீதா கையை ஆட்டினாள். "இரு, பாப்பாக்கு ஒரு சந்தேகமாம்," என்று போனைக் கொடுத்தாள்.

"அண்ணா, உள்ள ரூட்டா, முதலாளியா இருந்தும் தேதிய மாத்த முடியலயே, ஏன்?"

"கடிகாரம் வெளிய ஒன்னுதான் கீது. ஒருத்தர் மாத்துனா எல்லாருக்கும் மாறிடும் இல்லியா? அதான் உள்ளேந்து தொட வுடறதில்ல. வேணும்னா வெளியேந்து அனுமதி குடுக்கலாம். ஆனா குடுக்க மாட்டோம்."

ஷாஹீதாவுக்கு அது இன்னும் பத்துக் கேள்விகளைக் கிளப்பியது. ஆனால் சொக்கம்மாள் போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நைனா, வெளியேந்து பாத்தா உள்ள கீறது எல்லாம் தெரியுது. நீ வெளிய கீற. அவங்க உள்ள இன்னா வெச்சிருக்காங்கன்னு பாப்பியா?"

"பாக்க முடியும்மா. பாக்கக் கூடாது."

"பாக்கணும்னு தோணாதா?"

"தோணும்," என்றான். "பேரெல்லாம் தெரியும். தெனம் பேரப் பாத்துக்கினே இருக்கேன், ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது. யாரு இவங்க, இன்னா பண்ணிக்கினு கீறாங்கன்னு தோணிக்கினே இருக்கும். பாக்க மாட்டேன்." பிறகு, "ஆமா, உன்னுதுல இன்னா வெச்சிருக்க?" என்று கேட்டான்.

சொக்கம்மாள் திரையைப் பார்த்தாள். சாலவாக்கம் என்ற பெயருக்குக் கீழே கட்டம் ஒன்று விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒன்னும் வெக்கலடா," என்றாள். "இன்னாலாம் வெக்கலாம்?"