சொல்லாமல் விட்ட பாவம்

கணபதி என்ற ஊரிலிருந்த ஜெபக்கூடத்தில் லட்சுமணசாமியின் சாட்சியைக் கேட்கவென்றே ஆட்கள் வருவார்கள். மில் மேஸ்திரியான அவர் ஞானஸ்நானம் எடுத்து மூன்று வருடமாகியிருந்தது. குடித்தது, சீட்டாடியது, பெண்டாட்டியை அடித்தது எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொல்வார். தொண்ணூற்றைந்தில் ஒரு ஞாயிறு, "என்ற பாவத்துல ஒண்ணுகூட மிச்சமில்லாம கர்த்தர் மன்னிச்சுட்டாருங்க" என்று அவர் முடித்ததும் கூட்டம் ஸ்தோத்திரம் சொன்னது.

முழங்கால் வலிக்கு ஜெபிக்க வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தெய்வாத்தாள் மட்டும் வாய் திறக்கவில்லை. வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரிடம் வந்து நின்றாள்.

"ஏனுங்க, அத்தனையும் சொன்னீங்க. எனக்குப் பண்ணுனதும் வருமுன்னு கடைசி வரைக்கும் பாத்துட்டிருந்தனுங்க."

எட்டு வருடத்துக்கு முன் மில்லில் நூல் கோன்களைத் திருடியவர் அவர்தான். கேட்டில் திடீரென்று சோதனை என்றதும் அவற்றை அங்கேயே வேலை பார்த்த அவளுடைய சோத்துப் பைக்குள் திணித்தார். விசாரணையில், அவள் எடுத்ததைக் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார். அவளுக்கு வேலை போயிற்று.

அதை அவர் மறந்திருக்கவில்லை. குடியைச் சொன்னால் அழுகை வந்தது. இதை நினைத்தால் பயம்தான் வந்தது. அதனால் சாட்சியில் சேர்க்காமல் விட்டிருந்தார்.

பாஸ்டரிடம் போனார். "கர்த்தரே மறந்துட்டதை நீங்க ஏன் பிரதர் கிளறுறீங்க? சபைக்குத்தான் கெட்ட பேரு" என்றார் பாஸ்டர். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் ஓட்டினார். ஜெபிக்க உட்கார்ந்தால் தன் குரலே தனக்குக் கூசியது. பதினோராம் நாள் மேனேஜரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். தெய்வாத்தாளைத் திரும்ப எடுப்பீர்களா என்று கேட்டதற்கு, "பழைய பைலுங்க, விடுங்க" என்றார் மேனேஜர்.

எழுதியதன் நகலோடு அவள் வீட்டுக்குப் போனார். ஓட்டல் ஒன்றுக்காகக் கூலிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுப்போடுங்க அம்மணி."

"அதான் கர்த்தரு மன்னிச்சுட்டாருன்னு மைக்குல சொன்னீங்களே. பொறகு நானெதுக்குங்க?"

"உங்ககிட்ட வராம அதைச் சொல்லியிருக்கக் கூடாதுங்க."

"திருடி மகளுன்னு பள்ளிக்கூடத்துல பேசி, என்ற புள்ள அன்புக்கரசி எட்டாவதோட நின்னுபோட்டா. ஈரோட்டுல கட்டிக் குடுத்தேன். அங்க மாமியாக்காரி இன்னைக்கும் அதையே சொல்லிக் காட்டறா. இந்தக் காயிதத்த அங்க போயிப் படிங்க."

மறுநாளே ஈரோட்டுக்குப் பஸ் ஏறினார். அன்புக்கரசி விசைத்தறிக் கொட்டகையில் நின்றிருந்தாள். தறிச் சத்தத்தில் மெல்லப் பேசினால் எதுவும் கேட்காது. கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"உங்கம்மா திருடலீங்க! திருடுனது நானுங்க!"

பக்கத்துத் தறிக்காரர்கள் திரும்பினார்கள். ஓரமாக நூல் சுற்றிக்கொண்டிருந்த மாமியார் தலை தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அன்புக்கரசி தறியை நிறுத்தினாள். "எங்கம்மா எடுக்கலைன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க. அப்பவே நீங்க சொல்லியிருந்தா நான் படிச்சிருப்பேன்" என்றாள். காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தறியை மறுபடி ஓட்டினாள்.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்த லட்சுமணசாமிக்கு அழுகை வரவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

"நாந்தானுங்க ஆண்டவரே" என்று மட்டும் சொன்னார்.