கறுப்பி போன இடம்

அந்தப் பண்ணை இரண்டு ஊர்களுக்கு நடுவே, இரண்டிலும் சேராமல் கிடந்தது. கிழக்கே பார்த்தால் செங்கல் சூளையின் புகைபோக்கி தெரியும். மேற்கே ஆற்றுப் பாலமும் அதற்கப்பால் தண்ணீர்த் தொட்டியும் தெரியும். மனித முகம்தான் தெரியாது. கணவன் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே அவளும் இரண்டு மாடுகளும்தான். போன மாதம் வெள்ளச்சி நோய் கண்டு செத்துப்போக, கறுப்பி மட்டும் மிச்சம்.

அன்று காலை தொழுவத்தில் அறுந்த கயிறுதான் கிடந்தது. அவள் செருப்பைக்கூட மாட்டாமல் சூளைப் பக்கம் நடந்தாள்.

சூளைக்காரனிடம் கேட்க வாயைத் திறந்தால் குரல் எழும்பவில்லை. யாரிடமாவது பேசி எத்தனை நாளாயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கறுப்பு மாடு ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சாப்பா?"

"இல்லக்கா. பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுப் பாருங்க. மொதல்ல தண்ணி குடிங்க, மூஞ்சியே வாடிக் கெடக்கு."

குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினாள். தன் வீட்டையும் கடந்து, பாலம் தாண்டிப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பால்காரரின் தொழுவம். ஏழெட்டு மாடுகளுக்கு நடுவே, ஒன்றுமே நடக்காதது போலக் கறுப்பி அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"விடியும்போதே வந்துடுச்சும்மா," என்றார் பால்காரர். "வெரட்டிப் பார்த்தேன், அசையல. ஜோடி போனதுலேர்ந்து அதுக்கு அங்க இருப்புக்கொள்ளல போல."

அவரிடமே புதுக் கயிறு வாங்கிக் கட்டி இழுத்துக்கொண்டு போனாள். பாலம் வரை வந்த மாடு அங்கே காலை ஊன்றிக்கொண்டது. கெஞ்சினாள். திட்டினாள்.

"உனக்கு மட்டும்தான் அங்க பிடிக்கலையா? எனக்கு மட்டும் என்ன, கொண்டாட்டமா?"

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு மாட்டைப் பால்காரரின் தொழுவத்துக்கே திருப்பி ஓட்டிக்கொண்டு போனாள்.

"இங்கயே இருக்கட்டும்ண்ணே. ரெண்டு வேளையும் நானே வந்து கறந்துக்கறேன். புல்லும் கொண்டாறேன்."

"அவ்வளவு தூரம் தினமும் நடப்பியாம்மா?"

"வேற என்ன வெட்டி முறிக்கிற வேலை எனக்கு?"

சாயங்காலம் அவள் கறந்து முடித்தபோது பால்காரரின் மனைவி எட்டிப் பார்த்து, "நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே வாங்க, ஒக்காந்து பேசலாம்," என்றாள். இவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

திரும்பி வந்தபோது பண்ணையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. தொழுவத்தின் பக்கம் பார்க்க மனம் வரவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு நேரே வரப்புக்குப் போனாள். காலையில் கொண்டுபோக வேண்டிய புல்லை, இருட்டுவதற்குள் அறுக்கத் தொடங்கினாள்.