குரல்: அருணாதேவி

ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து வரும் அந்தப் பெண்குரலை 1997இல் திருவண்ணாமலையில் கேட்காதவர்கள் இல்லை. ஆடித் தள்ளுபடி, ஓட்டல் திறப்பு, எதுவானாலும் அதே குரல்தான். குரலுக்குச் சொந்தக்காரி அடி அண்ணாமலையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துபோகும் அருணாதேவி என்பதுதான் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களிடமெல்லாம், "மெட்ராஸ்ல பேசி வாங்கியாறோம்" என்று சொல்லிவைத்திருந்தார், அவளுக்கு வேலை கொடுத்த சவுண்ட் சர்வீஸ் முதலாளி பரசுராமன்.

ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் வெளியே போன விளம்பர ஆட்டோவைக் கைகாட்டி, "மெட்ராஸ் பொண்ணாம். இன்னா தெளிவா பேசுது பாரு" என்றாள். அருணாதேவிக்குச் சுருக்கென்றது. நேராகப் பரசுராமனிடம் போனாள்.

"அண்ணே, இனிமே கடைசியில என் பேரையும் சொல்லிடறேன்."

"பேரு எதுக்கும்மா? வெளிய தெரிஞ்சா எல்லாரும் நேரா உங்கிட்ட வந்துடுவாங்க."

"வரட்டுமேண்ணே."

அன்றோடு அந்த வேலை போயிற்று.

வீட்டிலிருந்த டேப்ரெக்கார்டரில் தானே பதிவுசெய்து எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். குரல் எல்லோருக்கும் பிடித்திருந்தது. பெயர்தான் இடித்தது. "விளம்பரம் எங்க கடைக்கா, உனக்கா?" என்றார்கள். பெயரில்லாமல் பேசித் தந்தால் வேலை உண்டு என்றார்கள். அவள் மசியவில்லை.

"பேரா சோறு போடப்போவுது?" என்று அம்மா கன்னியம்மாள் அலுத்துக்கொண்டாள்.

"போடும்மா. கொஞ்சம் நாளாவும்."

பாத்திரக்கடை அப்பாசாமியும் முதலில் தயங்கத்தான் செய்தார். அவரிடம் அருணாதேவி, "பேரைச் சொல்லிட்டுப் பொய் பேசினா ஜனங்க என்னைத்தாங்க நிக்கவெச்சுக் கேப்பாங்க. அதனால பொய் பேச மாட்டேன். உங்க கடைக்கும் அது நல்லதுதானேங்க?" என்றாள். அவர் ஒப்புக்கொண்டார். "சரி, பேசிக் குடும்மா."

அந்தப் பௌர்ணமிக்கு ஊர் முழுக்க ஆட்டோ சுற்றியது. கடையின் பெயரைச் சொல்லி, சரக்கைச் சொல்லி, கடைசியில் "பேசியது, அடி அண்ணாமலை அருணாதேவி" என்று முடிந்தது. பிறகு மளிகைக்கடை வந்தது, மருந்துக்கடை வந்தது. 'அருணாதேவி பேசினா சரியாத்தான் இருக்கும்' என்கிற பேச்சு மெல்ல ஊரில் பரவியது.

அதைக் கேட்டுத்தான் விமல்ராஜ் வந்தான். வேங்கிக்கால் தாண்டி மனை போட்டிருந்தான். ஐந்தாறு ஆட்டோ, சீசன் முழுக்க வேலை என்றான். அவன் கொடுத்த தாளில், 'எந்த மழைக்கும் தண்ணீர் தேங்காத இடம்' என்று ஒரு வரி இருந்தது. முதல்நாள்தான் நல்ல மழை. அருணாதேவி பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். எல்லைக் கற்களின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

"இந்த ஒரு வரிய எடுத்துடுங்க. மத்ததப் பேசித் தரேன்."

"நீங்க அதைச் சொன்னாத்தான் நம்புவாங்க. அதுக்குத்தானே உங்களைத் தேடிக்கினு வந்தேன்."

"அப்ப வேற ஆளைப் பாத்துக்கங்க."

வேறு குரலில் ஆட்டோக்கள் கிளம்பின. மனைகளும் விற்றன. இவளுக்கோ அந்த ஐப்பசியில் வேலையே இல்லை. தவறு செய்துவிட்டோமோ என்று ஒரு சந்தேகம் வந்துபோனது. ஆனாலும் விமல்ராஜைத் தேடிப் போக மனம் ஒப்பவில்லை. கேசட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு செங்கத்துக்கும் போளூருக்கும் பஸ் ஏறினாள். தெரியாத கடைகளில் போய் நின்று பேசிக்காட்டினாள். செங்கத்தில் ஒரு செருப்புக்கடை, போளூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தாள்.

அடுத்த மழைக்கு மனை வாங்கியவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று விமல்ராஜோடு மல்லுக்கட்டினார்கள். அந்தச் சச்சரவில் அருணாதேவி பெயர் எங்கும் அடிபடவில்லை.

அதற்குள் அவள் டவுனில் ஒரு சின்ன அறை எடுத்திருந்தாள். தெருச்சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னலுக்குக் கனத்த ஜமுக்காளம் மாட்டினாள். டெலிபோனும் வந்துசேர்ந்தது. முதல் அழைப்பு ஆரணியிலிருந்து, ஒரு பட்டுக்கடைக்காரர்.

"அருணாதேவிங்களா? விளம்பரத்துக்கு நீங்கதான் பேசணும்னு எங்க வீட்ல சொல்றாங்க."

"நான்தாங்க. சொல்லுங்க" என்றவள், பேனாவைத் தேடி எடுத்தாள்.