எந்தப் பாக்கலாம்?

எங்கள் அலுவலகத்தில் பதினாறு வருடமாகப் போனை எடுப்பது நான்தான். லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனி. மெக்கானிக்குகள் மொத்தம் மூன்று பேர். எங்கள் பொறுப்பில் இருக்கிற லிஃப்டுகள் இருநூற்றுப் பத்து. இந்தக் கணக்கு எப்படி உதைக்காமல் ஓடுகிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரே ஒரு சொல்லால் ஓடுகிறது என்று சொல்லியிருப்பேன். அந்தச் சொல் "பாக்கலாம்."

சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். அதில் பல தினுசு வைத்திருக்கிறேன். "பாக்கலாம்" என்று கடைசி எழுத்தைச் சட்டென்று மூடினால் இந்த வாரம் இல்லை. "பாக்கலாம், பாக்கலாம்" என்று இரண்டு முறை சொன்னால் இந்த மாதமே இல்லை. "பாக்கலாமே" என்றால் தயவுசெய்து போனை வையுங்கள் என்று அர்த்தம். "பாக்கலாங்க" என்று கொஞ்சம் இழுத்தால் மட்டும் யாராவது வரக்கூடும், அதுவும் மழை பெய்யாவிட்டால். யாரிடமும் முகத்தில் அடித்தாற்போல் "முடியாது" என்று நான் சொன்னதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

எங்கள் முதலாளி பழைய முதலாளியின் மகன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளிக்கூடம் விட்டு வந்து என் மேசை ஓரத்தில் வீட்டுப்பாடம் எழுதியவர். அப்போதிலிருந்து அவருக்கு நான் அக்கா, எனக்கு அவர் தம்பி. கோபம் வந்தால் மட்டும் சார் என்பேன்.

ஒரு திங்கட்கிழமை அவர் என் மேசையில் ஒரு குட்டி ஸ்பீக்கரை வைத்து, கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றினார்.

"ஏஐ உதவியாளர்க்கா. வர்ற போனை எல்லாம் கேட்கும். யாருக்கு என்ன சொன்னோம்னு குறிச்சு வச்சுக்கும். மெக்கானிக்குக்கு நேரம் ஒதுக்கி அதுவே மெசேஜ் அனுப்பிடும். ஒரு மாசம் ஓட்டிப் பாப்போம். நல்லா வந்துச்சுன்னா போனையும் அதையே எடுக்க வச்சிடலாம்."

"அப்ப நான்?"

அவர் வயரைச் சொருகுவதில் மும்முரமானார்.

"பாக்கலாம்க்கா."

சட்டென்று மூடிய பாக்கலாம் அது. வலிக்காமல் இருக்கட்டும் என்று வாலில் ஒரு அக்காவை வேறு ஒட்டியிருந்தார். என் சரக்கை எனக்கே விற்றுவிட்டார்.

வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரருக்குப் போன வருடம் முதுகில் ஆபரேஷன். அதிலிருந்து அரை நாள் வேலைதான். என் சம்பளம் நின்றால் வீடு நின்றுவிடும். அவர் "அந்தத் தம்பி உன்னை விடமாட்டான்" என்று ஆறுதல் சொன்னார். காலேஜில் படிக்கிற மகள்தான் விவரமாகக் கேட்டாள்.

"நான் டூர் போகட்டுமான்னு கேட்டப்போ பாக்கலாம்னு சொன்னியே, அந்த மாதிரியாம்மா சொன்னாரு?"

"அந்த மாதிரிதான்."

"அப்ப போச்சு," என்றாள்.

அலுவலகத்தில் அந்த ஸ்பீக்கருக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தது தலைமை மெக்கானிக். அவரை நாங்கள் ஸ்பேனர் அண்ணன் என்போம். "உக்காந்த இடத்தை விட்டு எழுந்திரிக்காது. எல்லாரும் மரியாதையா பேசணும். நாம ஒண்ணு சொன்னா அது ஒண்ணா எடுத்துக்கும். வேற என்ன பேரு வைக்கிறது?" என்றார். அவருக்கு இரண்டு மாப்பிள்ளைகள். அனுபவம் பேசியது.

ஒரு வாரம் மாப்பிள்ளை பேசாமல் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். அடுத்த திங்கட்கிழமை காலையில் மூன்று மெக்கானிக்குகளும் போனை நீட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்கள். மொத்தம் நாற்பத்தொரு இடம். ஆளுக்குப் பதிமூன்று, பதினான்கு. புதன்கிழமைக்குள் முடிக்க வேண்டும். வாடிக்கையாளர்களுக்கும் "உறுதியளித்தபடி வந்து பார்க்கிறோம்" என்று மெசேஜ் போய்விட்டது. நான் போன வாரம் சொன்ன ஒவ்வொரு பாக்கலாமையும் அது அப்படியே நம்பியிருந்தது. பார்க்கலாம் என்றால் பார்க்க வருவார்கள் என்று எடுத்துக்கொண்டது.

"என்னம்மா, மாப்பிள்ளைகிட்ட வாக்குக் குடுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டு ஸ்பேனர் அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மூன்று பேரும் மூன்று நாள் நாயாய் அலைந்தார்கள்.

புதன்கிழமை மாலை ஒரு போன் வந்தது. பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாராம். "அம்மா, பாக்கலாம்னு சொன்னீங்க, வந்து பாத்துட்டாங்க. இந்தக் காலத்துல யாரும்மா சொன்ன சொல்லைக் காப்பாத்துறா?" என்று தழுதழுத்தார். யார், எந்த வீடு என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. "பரவாயில்லைங்க" என்று சொல்லி வைத்தேன்.

வியாழக்கிழமை முதலாளி பட்டியலோடு வந்தார்.

"யாருக்கா இத்தனை பேருக்கும் வர்றோம்னு சொன்னது?"

"நான் சொல்லலை. பாக்கலாம்னுதான் சொன்னேன்."

"அதானே. பாக்கலாம்னா வரமாட்டோம்னுதானே அர்த்தம்?"

தெரிந்துதான் வைத்திருக்கிறீர்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். தான் என்ன ஒப்புக்கொண்டோம் என்பதை அவர் கவனிக்கவில்லை. "இதுக்குப் புரிய வைக்கணும்க்கா. ஒவ்வொண்ணையும் போட்டுக் கேட்டு, எது வர்றோம், எது வரமாட்டோம்னு குறிச்சுக் குடுங்க. உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். அதாவது என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு நாளைக் காலை வரை அவகாசம்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பதினாறு வருடத்தில் என் குரலை நான் கேட்டது அன்றுதான். முதல் பத்து கேட்கச் சிரிப்பாகக்கூட இருந்தது. வரமாட்டோம், வரமாட்டோம், வரமாட்டோம் என்று தட்டிக்கொண்டே போனேன். பதினேழாவதில் அந்த வாத்தியார் வந்தார்.

"அம்மா, லிஃப்ட் நாலு விரல் கீழ இறங்கி நிக்குதும்மா. என் சம்சாரம் சக்கர நாற்காலி. ஏத்தவே முடியலை. நாப்பது நாளா அவங்க வீட்டை விட்டு வெளிய வரலை. நானும் அஞ்சு தடவை போன் பண்ணிட்டேன்."

"பாக்கலாம் சார், பாக்கலாம்."

இரண்டு முறை. இந்த மாதமே இல்லை. குரல் என்னமோ தேனாக ஒழுகியது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான்கு நாற்பது என்று எண்ணிப் பேசுகிற மனிதரை ஐந்து தடவை சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பத்து நாளைக்கு முன்னால் இதே நாற்காலியில் ஒரே ஒரு பாக்கலாமை வாங்கிக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் ஐந்து வாங்கியிருக்கிறார். வெட்கமாக இருந்தது.

ஸ்பேனர் அண்ணனிடம் அந்த வேலை எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டேன்.

"முக்கால் மணி. பாவம், அந்தம்மா லிஃப்ட்ல இறங்கி ரோட்டை ஒரு ரவுண்டு சுத்திட்டு வந்துச்சு. வந்து மறுபடியும் போச்சு," என்றார்.

மீதியையும் கேட்டு முடித்தேன். நாற்பத்தொன்றில் நிஜமாக வருகிறோம் என்று நான் நினைத்துச் சொன்னவை இரண்டு. முடிந்தது என்று ஹெட்போனைக் கழற்றப் போனேன். பட்டியலில் இன்னும் ஒன்று இருந்தது. எண் நாற்பத்திரண்டு. அதில் வீட்டு முகவரியும் இல்லை, லிஃப்டும் இல்லை. நேரம் ஒதுக்க முடியவில்லை, விளக்கம் தேவை என்று மாப்பிள்ளை ஓரமாக வைத்திருந்தார். தட்டினேன்.

"அப்ப நான்?"

"பாக்கலாம்க்கா."

வயரைச் சொருகும்போதே அது விழித்துக்கொண்டிருந்திருக்கிறது.

எதிரே வர்றோம், வரமாட்டோம் என்று இரண்டு கட்டம். எதில் தட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். உலகத்தில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. விரல் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மெக்கானிக்குகள் டீ குடித்துக்கொண்டு நிற்கிற நேரமாகப் பார்த்து முதலாளியைக் கூப்பிட்டேன்.

"சார், ஒரு நிமிஷம் வாங்க."

சார் என்றதுமே ஸ்பேனர் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நாப்பத்தியொண்ணும் குறிச்சாச்சு சார். இது ஒண்ணுதான் எனக்குத் தெரியலை. நீங்களே சொல்லிடுங்க." ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டேன். என் கேள்வியும் அவர் பதிலும் அறை முழுக்கக் கேட்டன. "இது எந்தப் பாக்கலாம்?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கணக்கில் முட்டை வாங்கிக்கொண்டு வந்த நாட்களில் இப்படித்தான் என் மேசை ஓரத்தில் நிற்பார். மெக்கானிக்குகளைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார். கையை உயர்த்தி, தடுமாறி, "இருங்கக்கா... இருங்க," என்றார்.

கொஞ்சம் பொறுங்கள், யோசிக்க விடுங்கள் என்று சொல்ல வந்தார். அது எனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை.

எல்லார் போனும் ஒன்றாக மணி அடித்தன. ஸ்பேனர் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"எண் நாற்பத்திரண்டு. விளக்கம் கிடைத்தது. அக்கா இருக்க வேண்டும். முதலாளி இரண்டு முறை வலியுறுத்தினார்."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி தன் போனில் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பா எழுதியிருக்கு சார். மாத்திடட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வேணாம்க்கா. சரியாத்தான் எழுதியிருக்கு," என்றார். "சார்னு மட்டும் கூப்பிடாதீங்க."

போன் அடித்தது. யாரோ ஒருவர், கதவு மூடவில்லையாம், இன்றைக்கே வருவீர்களா என்று கேட்டார். பழைய சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். "இன்னைக்கு முடியாதுங்க. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வர்றோம்," என்றேன். அவர் திட்டிவிட்டுத்தான் வைத்தார். மாப்பிள்ளை செவ்வாய், பத்து மணி என்று ஒழுங்காகக் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மகள் சிரித்து ஓய்ந்த பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"அப்ப என் டூரும்மா?"

"இரு," என்றேன்.

"எந்த இரு?"

அவள் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வா," என்றேன்.